பழைய வெள்ளிக்கு என்ன கணக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய நாட்டுத் தமிழர்கள் ரிங்கிட்டை இன்றும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறோம். பத்து வெள்ளிக்கு மீன், ஐம்பது வெள்ளிக்குப் பெட்ரோல் என்று பேசும் வழக்கம் சும்மா வந்ததன்று. 1903இல் வெளியிடப்பட்ட, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் நாணயம் 26.95 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியும் கொண்டிருந்தது. 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னர் எடை இன்னும் குறைந்து, வெள்ளியும் பாதிப் பங்காகிவிட்டது. இப்போது பெயரில் மட்டும் வெள்ளி இருக்கிறது. இக்கடிதம் உண்மையான வெள்ளியைப் பற்றியது என்பதால், குழப்பம் வராதிருக்கப் பணத்தை ரிங்கிட் என்றே எழுதுகிறேன்.

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரைத் தாண்டி, 1980 சனவரியின் பழைய உச்சத்தை மிஞ்சிய செய்தி தங்கள் நாளிதழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பல ஆண்டுகளாகத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் கிடந்த கொலுசும் குத்துவிளக்கும் வெளியே வரத் தொடங்கியிருக்கின்றன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், கூரை மாற்றும் செலவு, மருத்துவமனைச் செலவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. விற்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. தங்கத்தைப் பவுன் கணக்கில், விலைப்பலகையைப் பார்த்து, நான்கு கடை ஏறி இறங்கி விற்கிற அதே பெண்கள் வெள்ளியை மட்டும் பழைய இரும்பு போடுவதுபோல் போட்டுவிட்டு வருவதைப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவன். ரப்பர்ப் பால் நிறுவையில் நின்ற எவருக்கும் ஒன்று தெரியும்: பால் வாளியின் எடையை மட்டும் வைத்து யாருக்கும் கூலி போடுவதில்லை. மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்த்து, அதை எடையோடு பெருக்கித்தான் ஆளின் பெயருக்கு எதிரே எழுதுவோம். மழைநாளில் பால் நீர்த்திருக்கும், எடை கூடும், காய்ந்த ரப்பர் கூடாது. நூற்றுக்கு முப்பத்தைந்தா முப்பத்திரண்டா என்று பால்வெட்டுப் பெண்கள் என்னோடு சண்டை பிடிப்பார்கள். ஒரு புள்ளி குறைத்து எழுதினால் மாதக் கடைசியில் எத்தனை ரிங்கிட் போகும் என்று எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட விரல்விட்டுச் சொல்வாள். அப்படிச் சண்டை பிடித்த பெண்களில் ஒருவர் என் அக்கா. அவரே சென்ற ஆண்டு தம் வெள்ளிச் சாமான்களைக் கடைத் தராசில் வைத்துவிட்டு, 'தம்பி, அவர் சொல்றதுதானே விலை' என்று என் பக்கம் திரும்பியபோது எனக்கு வியப்பாக இருந்தது.

அவர் கொண்டுவந்தவை இவை: முத்திரை குத்திய தட்டு, பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம் மூன்றும் சேர்ந்து 420 கிராம், மூன்று சோடிக் கொலுசு 260 கிராம், ஒரு சோடி சிறு குத்துவிளக்கு 440 கிராம், எங்கள் தாத்தா கப்பலேறி வந்தபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னிரண்டு இந்திய ரூபாய்க் காசுகள், 140 கிராம். கொலுசுகளை அக்கா ரப்பர் வளையத்தால் கட்டி வைத்திருந்தார். வளையத்தைப் பிரித்தால், அது இருந்த இடத்தில் கரி பூசியதுபோல் கறுப்புக் கோடு. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து அப்படிக் கறுக்கும். ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. கறுப்பு மேலோடு நின்றுவிடும், எடை குறையாது, ஆனாலும் கடைக்காரர் அதைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு அவர் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே குவியலாகத் தராசில் கொட்டினார். 1,260 என்று விழுந்தது. ஒரு கொலுசின் கொக்கியை மட்டும் உரைகல்லில் தேய்த்து, சிறு குப்பியிலிருந்து சிவந்த திராவகம் ஒரு சொட்டு விட்டார். நல்ல வெள்ளியானால் அந்தக் கோடு இரத்தச் சிவப்பாகும். கலப்பு ஏற ஏறப் பழுப்புக்குப் போகும். கோடு பழுப்பாயிற்று. 'கலப்பு ஜாஸ்திம்மா, எல்லாம் சேர்த்து கிராமுக்கு ரெண்டு ரிங்கிட் போட்டுத் தர்றேன்' என்றார். 2,520 ரிங்கிட். அக்கா சம்மதிக்கும் நிலையில் இருந்தார். நான் சாமான்களைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் கடையில் மட்டும் நடப்பதாகவும் நான் நினைக்கவில்லை.

அந்த ஒரு சொட்டுத் திராவகத்தில் என்ன நடந்தது என்பதை விளக்க வேண்டும். கொலுசு என்பது நூற்றுக்கணக்கான சிறு வளையங்களையும் மணிகளையும் பற்றாசு வைத்து ஊதி இணைத்த பொருள். பற்றாசு வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதால் அதில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும். ஆகவே எந்த வெள்ளிச் சாமானிலும் கொலுசுதான் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, குறைந்தது. கொலுசிலும் கொக்கியும் இணைப்பும்தான் ஆகக் குறைந்தவை. ஆகக் குறைந்த இடத்தை உரசிப் பார்த்து, அந்த மாற்றைத் தட்டுக்கும் செம்புக்கும் காசுக்கும் சேர்த்துப் போட்டால், ஒரு தண்ணிப் பாலைச் சோதித்துவிட்டு முழுத் தோட்டத்துக்கும் அதே புள்ளியை எழுதுவதற்கு ஒப்பாகும். பொடி வைத்து ஊதுவது என்று பேச்சுக்குச் சொல்வோம். இங்கே ஊதிய பொடியே விலையைத் தீர்மானித்துவிட்டது.

தட்டின் அடியில் 925 என்ற முத்திரை இருந்தது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு என்பது அதன் பொருள். சுத்த வெள்ளி மிக மென்மையானது. தட்டாகவும் செம்பாகவும் நிற்க அதற்குச் செம்பின் துணை வேண்டும். 999 என்றிருந்தால் சுத்த வெள்ளி, பெரும்பாலும் கட்டியாகவும் முதலீட்டு நாணயமாகவும் வரும். 800 என்றால் ஐந்தில் நான்கு பங்கு. முத்திரையை அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், பொய் முத்திரையும் உண்டு. ஆனால் முத்திரை இருக்கும் பொருளைத் தனியாக நிறுத்துத் தனியாகச் சோதிக்கச் சொல்வதற்கு அது போதுமான காரணம். 'ஈபிஎன்எஸ்' (EPNS) என்று குத்தியிருந்தால் மேலே வெள்ளி முலாம், உள்ளே நிக்கல், செம்பு, துத்தநாகக் கலவை. அதற்கு வெள்ளி விலை கேட்கக்கூடாது. அதுபோல, தோட்ட நிர்வாகம் நீண்ட சேவைக்குக் கொடுத்த பியூட்டர்க் கோப்பையை வெள்ளி என்று எண்ணிக் கொண்டுபோய்ப் பட்ட வெட்கத்தை என் நண்பர் ஒருவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார். பியூட்டர் என்பது பெரும்பாலும் வெள்ளிபோல் மின்னும் வெள்ளீயம். பேராக்கில் தோண்டி எடுத்த அதே உலோகம்.

காந்தத்தைக் காட்டிச் சோதித்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை என்பது சரிதான். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று ஆகாது; செம்பிலும் பித்தளையிலும் ஈயத்திலும்கூடக் காந்தம் ஒட்டாது.

விலைக் கணக்குக்கு வருகிறேன். உலகச் சந்தையில் வெள்ளிக்கு இலண்டனில் வேலைநாள்தோறும் நண்பகலில் ஒரு விலை அறிவிக்கப்படுகிறது. அது அமெரிக்க டாலரில், ஓர் அவுன்சுக்குச் சொல்லப்படும். இந்த அவுன்ஸ் சமையலறைத் தராசின் 28.35 கிராம் அவுன்ஸ் அன்று. பொன், வெள்ளிக்கென்றே வழங்கும் 31.1 கிராம் அவுன்ஸ். இரண்டையும் குழப்பினால் கணக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பிசகிவிடும். அவுன்ஸ் 45 டாலர், டாலருக்கு 4.20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 45ஐ 4.20ஆல் பெருக்கி 31.1ஆல் வகுக்கக் கிராமுக்கு 6 ரிங்கிட் 8 காசு கிடைக்கும். கைப்பேசியில் அன்றைய விலையையும் டாலரின் ரிங்கிட் மதிப்பையும் பார்த்து எந்தப் பள்ளிப் பிள்ளையும் இதைப் போட்டுக் கொடுக்கும். நான் எளிமைக்காகக் கிராமுக்கு 6 ரிங்கிட் என்றே கொள்கிறேன்.

அக்காவின் 420 கிராம் 925 சாமானில் சுத்த வெள்ளி 388.5 கிராம், மதிப்பு 2,331 ரிங்கிட். அந்த மூன்று சாமான்களின் மதிப்பிலேயே முதல் கடைக்காரர் சொன்ன மொத்த விலை ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிட்டது. கொலுசு, பின்னர் சோதித்தபடி, நூற்றுக்கு எழுபது. 182 கிராம் சுத்தம், 1,092 ரிங்கிட். ரூபாய்க் காசுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தது. அந்தக் கால ரூபாய் 11.66 கிராம், சரியாக ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இலிருந்து வந்த ரூபாய்களில் வெள்ளி பாதிதான், 1947இல் அது வெறும் நிக்கல். ஆகவே காசின் ஆண்டைப் படிக்காமல் குவியலில் போடக்கூடாது. அக்காவின் பன்னிரண்டு காசும் பழையவை. அவற்றில் மட்டும் 128 கிராம் சுத்த வெள்ளி, ஏறக்குறைய 770 ரிங்கிட்.

குத்துவிளக்குக் கதை வேறு. திருகைக் கழற்றி அடிப்பாகத்தைக் கவிழ்த்தபோது உள்ளே கறுப்பாக அரக்கு நிரப்பியிருந்தது. மெல்லிய வெள்ளித் தகட்டைக் குழாயாக மடித்து, நிற்பதற்கும் நசுங்காமல் இருப்பதற்கும் அரக்கு ஊற்றுவது பழைய வேலைமுறைதான், ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் 440 கிராமில் 190 கிராம் அரக்கு. வாங்கும்போது அக்கா அந்த அரக்குக்கும் வெள்ளி விலை கொடுத்திருக்கிறார். விற்கும்போது அது கழிந்துபோயிற்று. மிஞ்சிய 250 கிராம் தகடு நூற்றுக்கு எண்பது மாற்று. 200 கிராம் சுத்தம், 1,200 ரிங்கிட். சாமி உருவங்களிலும், உள்ளே கூடான காப்புகளிலும் இதே நிலைதான். விற்கப் போகிறவர் இதை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் கடைக்காரர் நியாயமாகக் கழித்தாலும் களவாகத் தோன்றும்.

எல்லாம் சேர்ந்து 5,393 ரிங்கிட். முதல் கடை சொன்னது அதில் பாதிக்கும் குறைவு.

இந்த வித்தியாசம் கடைக்காரர் கைக்கு எப்படிப் பணமாகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாதது. குவியலாக வாங்கிய சாமானை அவர் குவியலாக உருக்குவதில்லை. நாம் படி இறங்கியதும் அது தரம் பிரிக்கப்படுகிறது. நசுங்காத தட்டும் செம்பும் அன்றைக்கே புளியும் சோப்பும் கண்டு, மெருகேறி, கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். அங்கே அதற்குக் கிராமுக்குப் பத்து, பன்னிரண்டு ரிங்கிட்டும் செய்கூலியும் வைக்கலாம். பழைய காசு நாணயம் சேர்ப்பவருக்குப் போகும்; அவர் உலோக விலையைப் பார்ப்பதில்லை, ஆண்டையும் அச்சையும் பார்ப்பார். (காசைத் தேய்த்து மினுக்கிக் கொண்டுபோகாதீர்கள், தேய்த்த காசுக்கு அவர்களிடம் மதிப்புக் குறைவு.) நெளிந்த கொலுசும் ஒற்றை மெட்டியும் உடைந்த அரைஞாணும்தான் உருக்கும் சட்டிக்குப் போகின்றன. வெள்ளி 962 பாகை செல்சியசில் உருகும். உருக்கி வார்த்த கட்டியின் ஒரு மூலையைச் செதுக்கிச் சோதித்தால் உண்மையான மாற்று வந்துவிடும். நமக்கு அறுபது என்று சொல்லி வாங்கியது அங்கே எழுபத்திரண்டு என்று வந்தால், அந்தப் பன்னிரண்டு பங்கு முழுவதும் கடைக்காரருக்கு. எப்போதாவது ஐம்பத்தைந்து என்று வந்து அவருக்கு நட்டமாவதும் உண்டு. ஆனால் முதலிலேயே தாழ்த்திச் சொல்லும் பழக்கமுள்ளவருக்கு அப்படி அடிக்கடி நேராது.

நாள் கணக்கிலும் ஓர் ஆதாயம் இருக்கிறது. காலையில் விலை ஏறினால் விற்பனைச் சீட்டு உடனே மாறுகிறது. வாங்கும் விலை நேற்றையதாகவே நிற்கிறது. விலை இறங்கினால் வாங்கும் விலைதான் முதலில் இறங்குகிறது. வெள்ளி ஒரே நாளில் நூற்றுக்கு நான்கைந்து ஏறி இறங்கக்கூடிய உலோகம் என்பதால் இது சிறிய தொகை அன்று.

இனி, 'பழசைக் கொடுத்துப் புதுசு எடு, சேதாரம் இல்லை' என்ற மாற்றுத் திட்டம். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்னால் இந்த அறிவிப்பு ஊர் முழுவதும் தொங்கும். 60 கிராம் பழைய கொலுசைக் கிராமுக்கு 3 ரிங்கிட் என்று எடுத்துக்கொண்டு, அதே எடையில் புதிய கொலுசைக் கிராமுக்கு 11 ரிங்கிட் என்று கொடுத்தால், நீங்கள் 480 ரிங்கிட் கட்டி, கையில் எடுத்துப் போகும் வெள்ளி முன்பிருந்த அளவே இருக்கும். மாற்றுச் சற்றுக் கூடியிருக்கலாம், அவ்வளவுதான். சேதாரம் இல்லை என்பது பொய்யும் அன்று. அது வேறு பெயரில் இரண்டு விலைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. பேத்திக்குப் புதுக் கொலுசு போட்டுப் பார்க்கும் ஆசைக்கு விலை உண்டு, அதைக் கொடுக்கலாம். அதை இலாபம் என்று எண்ணிக்கொண்டு கொடுப்பதுதான் வருத்தமாக இருக்கிறது.

கடைக்காரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையானவன் ஆகமாட்டேன். ஒரு கிலோ தங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதே பணத்துக்கு வெள்ளி என்றால் அண்மை ஆண்டுகளில் எண்பது கிலோ அளவுக்குச் சுமக்க வேண்டியிருந்தது. சோதிப்பதற்கும் உருக்குவதற்கும் சுத்திகரிப்பதற்கும் ஆகும் கூலி ஒரு கிராம் தங்கத்தில் தெரியாது, ஒரு கிராம் வெள்ளியில் நன்றாகத் தெரியும். சுத்திகரிப்பவர் தம் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். போதிய எடை சேரும்வரை சரக்கைப் பூட்டி வைக்க வேண்டும், அதற்குள் விலை விழலாம். 1980இல் சனவரியில் 50 டாலரைத் தொடப் போன வெள்ளி மார்ச்சு மாதக் கடைசியில் 11 டாலருக்குக் கீழே விழுந்தது. அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் சந்தையிலிருந்த வெள்ளியையெல்லாம் வளைத்துப் போட முயன்று கவிழ்ந்த கதை அது. கையில் சரக்கோடு அகப்பட்ட சிறு வணிகர் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடை வாடகை, உரிமம், இரும்புக் கதவு, காப்புறுதி எல்லாம் தனி. ஆகவே உலோக மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது கிடைத்தால் நான் குறை சொல்லமாட்டேன். தங்கத்தில் கிடைக்கும் அளவு வெள்ளியிலும் கிடைக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பது அறியாமை. எங்கள் ஊர் அடகுக்கடையில் வெள்ளியைக் கையால் தொடுவதே இல்லை. அதற்கும் இதே காரணம்தான்.

என் குறை வேறு. கடைக்காரருக்கு இயந்திரம் இல்லாததாலும் நேரம் இல்லாததாலும் ஏற்படும் ஐயத்துக்கெல்லாம் விற்பவர் விலை கொடுக்கிறார். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. எடை, மாற்று, கிராம் விலை என்ற மூன்று எண்களையும் பெருக்கினால் உலோக மதிப்பு வரும். அதிலிருந்து கடைக்காரர் எவ்வளவு கழிக்கிறார் என்பது நான்காவது எண். மூன்றையும் மறைத்து 'எல்லாம் சேர்த்து ரெண்டு ரிங்கிட்' என்னும்போது நான்காவது எண் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

மறு வாரம் அக்காவோடு பேருந்தேறி ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே ஊடுகதிர் இயந்திரம் இருந்தது. சிறு அடுப்பளவு பெட்டி. பொருளை உள்ளே வைத்து மூடினால் அரை நிமிடத்தில் வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை, துத்தநாகம் இத்தனை என்று திரையில் வரும். அந்த இளைஞர் கொலுசை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார், கொக்கியில் ஒன்று, நடுவில் இரண்டு. விளக்கை நானே கழற்றி அரக்கை எடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இந்த இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும் என்பதையும் அவரே சொல்லி, தட்டின் அடியில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து மறுபடி வைத்தார். ஒவ்வொரு வகைக்கும் எடையையும் மாற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அன்றைய விலையில் நூற்றுக்கு எண்பது தருவதாகச் சொன்னார். காசுகளை எடுத்துப் பார்த்துவிட்டு, 'பாட்டி, இத நீங்க உருக்குற வெலைக்குக் குடுக்காதீங்க' என்றார். காசு நீங்கலாக மற்றவற்றுக்கு 3,698 ரிங்கிட் கிடைத்தது. அதே சாமான்களுக்கு முதல் கடைக் கணக்குப்படி 2,240 ரிங்கிட்தான் வந்திருக்கும். பேருந்துக் கட்டணமும் இரண்டு குவளைத் தேநீரும் போக, 1,440 ரிங்கிட்டுக்கு மேல் வித்தியாசம். பால்வெட்டிய காலத்தில் அக்கா அவ்வளவு சேர்க்க எத்தனை மாதம் மரம் தொட்டிருப்பார் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

அந்தக் கடையில் அக்காவின் அடையாள அட்டையைக் கேட்டு எண்ணைப் பதிந்துகொண்டார்கள். அக்கா பயந்துவிட்டார். பயப்படத் தேவையில்லை. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருள் வணிகர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், வாங்கியதைப் பதிவும் செய்ய வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறுவதைத் தடுக்க இது தேவை. அட்டையைக் கேட்காமல், பதியாமல், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து வாங்குகிறவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாங்கள் வாழ்ந்த காலத்தில் சம்பள நாளுக்கு முந்திய வாரம், கையில் காசு வற்றியிருக்கும் நேரம் பார்த்து இப்படி ஒருவர் வருவார். அவருடைய தூக்குத் தராசில் முத்திரை இருந்ததா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. இன்று வணிகத்துக்குப் பயன்படும் தராசு எடை அளவைச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒட்டுச்சீட்டைத் தேடிப் பார்ப்பது யாரையும் அவமதிப்பதாகாது.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பெயருக்கேற்ப, பொருளையோ சேவையையோ பெற்றுப் பயன்படுத்துகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடையில் வாங்கிய கொலுசு 925 இல்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி முறையிடலாம். 50,000 ரிங்கிட் வரை அது விசாரிக்கும். ஆனால் தன் கொலுசைக் கடைக்காரருக்கு விற்று ஏமாந்தவர் அங்கே பயனீட்டாளர் என்ற இடத்தில் எளிதாகப் பொருந்துவதில்லை. அவர் விற்பவர், சட்டத்தின் கண்ணில் வலுவான பக்கம் விற்பவர்தான். எழுபது வயதுப் பால்வெட்டுக்காரியும் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்பவரும் எதிரெதிரே நிற்கும்போது வலுவானவர் யார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு தரப்பினரை வேண்டுகிறேன். தங்கத்துக்கு 999, 916 என்று அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதும் நகைக்கடைகள், பழைய வெள்ளியை வாங்கும் விலையையும் அதன் கீழே ஒரு வரி எழுதலாம். 925க்கு இவ்வளவு, கொலுசுக்கு இவ்வளவு என்று இருந்தால் போதும். வாங்கும்போது எடை, மாற்று, கழிவு மூன்றையும் எழுதிக் கொடுக்கலாம். ஈப்போவில் அந்த இளைஞர் கிழித்துக் கொடுத்த தாள் உள்ளங்கை அகலம்தான். பயனீட்டாளர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தோட்டப்புறங்களில் நடத்தும் கூட்டங்களில் இந்தக் கணக்கைத் தமிழில் சொல்லிக் காட்டலாம். கோயில்களுக்கே இது தேவைப்படும், ஏனென்றால் காணிக்கையாக வரும் சிறு வேல்களையும் கண்மலர்களையும் உருக்கி விற்கும் இடத்தில் குவியல் விலை பேசப்படுவதை நான் கேள்விப்படுகிறேன்.

விற்கப் போகிறவர்களுக்கு: சமையலறைத் தராசில் கிராமில் நிறுத்து, வகை வகையாகத் தனித்தனிப் பையில் போட்டு, எடையைப் பைமேல் எழுதிக்கொண்டு போங்கள். எழுதிய எண்ணைப் பார்த்தாலே பேரம் வேறு மாதிரி தொடங்கும். ரப்பர் வளையம் மட்டும் போடாதீர்கள்.

பன்னிரண்டு காசுகளும் இப்போது பழைய மைலோ டின் ஒன்றில் அக்காவிடமே இருக்கின்றன. நான்கு பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று என்று பிரித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.